அக்கரப்பத்தனை: ஆற்றுத்தலையில் ஊரும் உரிமையும் — ஒரு வரலாற்று நோக்கு

நகரம் என்பது யாது என்ற வினாவுக்குப் புவியியலாளரும் வரலாற்றாசிரியரும் சட்ட அறிஞரும் தத்தம் துறைசார்ந்து வெவ்வேறு விடைகளைக் கூறுவர். மக்கள் செறிந்து வாழும் இடமே நகரம் என்பார் ஒரு சாரார். உழுதுண்ணாது கூலி பெற்றுக் கடையில் அரிசி வாங்கி உண்போர் பெரும்பான்மையினராய் வாழும் இடமே நகரம் என்பார் மற்றொரு சாரார். வர்த்தமானியில் நகரமென அறிவிக்கப்பட்ட எல்லைக்குள் அமைவதே நகரம் என்பது சட்டத்தின் நோக்கு. நுவரெலியா மாவட்டத்தின் தென்மேற்கே உயர்ந்து செல்லும் அக்கரப்பத்தனைப் பள்ளத்தாக்கினை இவ்வளவைகளைக் கொண்டு அளந்து பார்ப்பது பயனுடையது. அங்கு ஒரு குடும்பத்தின் சுவர் அடுத்த குடும்பத்துக்கும் சுவராகும்படி மக்கள் நெருங்கி வாழ்கின்றனர். தொழிற்சாலைச் சங்கொலிக்கு எழுந்து, நாட்கூலி பெற்று, உணவுப் பொருளை விலைக்கு வாங்கி உண்கின்றனர். முதலிரு அளவைகளின்படி இது நகர வாழ்க்கையே. மூன்றாம் அளவையின்படியோ, ஒன்றரை நூற்றாண்டுக் காலம் இக்குடியிருப்புக்கள் நகரமாகவும் கொள்ளப்படவில்லை, கிராமமாகவும் கொள்ளப்படவில்லை; தோட்டம் என்ற சொல்லே அவற்றின் நிலையைக் குறிக்கப் போதுமானதெனக் கருதப்பட்டது.

நகரங்கள் இயற்கை வளத்தை அழியாது காப்பனவாகவும் அங்கு வாழ்வோர் அனைவருக்கும் நீதி வழங்குவனவாகவும் அமைய வேண்டும் என்பது 2015இல் ஐக்கிய நாடுகள் அவை வகுத்த பதினேழு குறிக்கோள்களுள் பதினோராவது. இக்குறிக்கோளைப் பற்றிய ஆராய்ச்சிகள் பெரும்பாலும் கொழும்பு, சென்னை, மும்பாய் போன்ற பெருநகரங்களிலேயே தொடங்கி அவற்றிலேயே முடிந்துவிடுகின்றன. அந்நகரங்களுக்கு நீரும் மின்வலுவும் அந்நியச் செலாவணியும் எங்கிருந்து வருகின்றனவோ அவ்விடத்து மக்களின் குடியிருப்பு வரலாறும் அதே வினாவின் பகுதியாகும். அவ்வகையில் அக்கரப்பத்தனை ஆராயத்தக்கதோர் இடம்.

முதற்கண் நிலத்தின் இயல்பை நோக்குதல் வேண்டும். பத்தனை என்பது மலைநாட்டுப் புல்வெளியைக் குறிக்கும் சிங்களச் சொல்லின் தமிழ் வடிவம். ஹோர்ட்டன் சமவெளியின் ஓரங்களிலிருந்து இறங்கும் அக்கர ஓயா இப்பள்ளத்தாக்கின் ஊடாகப் பாய்ந்து, தம்பகஸ்தலாவ ஓயா, நானு ஓயா ஆகியவற்றின் நீரையும் சேர்த்துக் கொத்மலை ஓயாவாகி, பின்னர் மகாவலியுடன் கலக்கின்றது. கண்டி நகரைச் சுற்றி ஓடும் அவ்வாறு, பொல்கொல்லையில் 1976 முதல் வடக்கே திருப்பப்பட்டு வரண்ட வலயத்துக் குளங்களுக்கும் நீரூட்டி, எஞ்சிய நீருடன் 335 கிலோமீற்றர் கடந்து திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவிற் சங்கமமாகின்றது. நாட்டின் மிக நீண்ட ஆற்றின் தலைமாட்டில், நீர் சுரக்கும் மேட்டு நிலத்தில், அக்கரப்பத்தனையின் லயங்கள் அமைந்துள்ளன என்பதை மனத்திற் கொண்டே இனி வருவனவற்றை நோக்க வேண்டும்.

கண்டி இராச்சியக் காலத்தில் இவ்வுயர் மலைகள் பெரும்பாலும் காடாகவும் புல்வெளியாகவுமே இருந்தன. கீழ்ப் பள்ளத்தாக்குகளிலிருந்த கிராமத்தவர் மேய்ச்சலுக்கும் சேனைக்கும் காடுபடு பொருள்களுக்கும் மலைச் சரிவுகளைப் பயன்படுத்தினர். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணி அத்துமீறற் கட்டளைச் சட்டம் இவ்வழக்கத்தைத் தலைகீழாக்கியது. உறுதி காட்ட இயலாத காடு, தரிசு, பயிரிடப்படாத நிலம் யாவும் முடிக்குரியன எனக் கொள்ளப்பட்டு, கோப்பி பயிரிட விரும்பிய ஆங்கிலேயருக்கும் ஸ்கொத்லாந்தியருக்கும் விற்கப்பட்டன. திம்புளைப் பகுதி என அழைக்கப்பட்ட இம்மேட்டு நிலம் ஏனைய கோப்பி மாவட்டங்களுக்குச் சற்றுப் பின்னரே திறக்கப்பட்டது. வந்தவர்கள் தம் தாயகத்தின் நினைவைப் பெயர்களிற் பதித்தனர். கிளாஸ்கோ, பெல்மோரல், வேவர்லி, அல்பியன், சாந்ரிங்ஹாம், ஹோல்புறூக் என்று அக்கரப்பத்தனைச் சூழலில் வழங்கும் தோட்டப் பெயர்களைத் தொகுத்துப் பார்ப்பவர், விக்டோரியா மகாராணியின் மாளிகைகளையும் வோல்ற்றர் ஸ்கொத்தின் நாவலையும் ஒருங்கே கண்டு வியப்புறுவர். இடையே டயகம என்ற பழைய பெயரும் எஞ்சியுள்ளது.

1869இல் கோப்பி இலையில் முதன்முதலாகக் காணப்பட்ட செந்நிற நோய் இருபது ஆண்டுகளுக்குள் அத்தொழிலை அழித்தது. நோயை ஆராய 1880இல் இங்கிலாந்திலிருந்து வந்த இளம் தாவரவியலாளர் மார்ஷல் வோட், மலை முழுவதும் இடையீடின்றி ஒரே பயிரை நட்டதனாலேயே நோய்வித்துக்கள் காற்றில் தடையின்றிப் பரவின என்று எடுத்துக் காட்டினார். அவருடைய முடிவின் உட்பொருளைத் தோட்ட முதலாளிகள் உணர்ந்தனர் எனக் கூறுதற்கில்லை. கோப்பி நின்ற இடத்தில் அதே பரப்பில், அதே முறையில், தேயிலை நடப்பட்டது. 1875இல் ஏறக்குறைய ஆயிரம் ஏக்கராயிருந்த தேயிலைப் பரப்பு அந்நூற்றாண்டின் முடிவில் ஏறத்தாழ நான்கு இலட்சம் ஏக்கராயிற்று. புகையிரதப் பாதை 1884இல் அட்டனையும் 1885இல் நானுஓயாவையும் அடைந்தமை இவ்விரைவுக்குப் பெருந்துணையாயிற்று.

காடழிவின் விளைவுகள் அக்காலத்திலேயே அறியப்படாதனவல்ல. கியூ தாவரவியற் பூங்காவின் இயக்குநராயிருந்த ஜோசப் ஹூக்கர், மலைநாட்டுக் காடுகள் அழிக்கப்படின் மழையும் நீரூற்றுக்களும் பாதிக்கப்படும் என்று 1873இல் எச்சரித்தார். அதன் பயனாக ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட முடிக்குரிய காடுகளை விற்பது தடுக்கப்பட்டது. ஹோர்ட்டன் சமவெளி தப்பியமைக்கு இதுவே முதற்காரணம். இலங்கையின் சூழற் பாதுகாப்பு வரலாற்றில் இவ்வைந்தாயிரம் அடிக் கோடு பெருமையுடன் குறிப்பிடப்படுவது முறையே. ஆயினும் அக்கோட்டுக்குக் கீழே நிகழ்ந்தது யாதென்ற வினா அத்துணை ஆர்வத்துடன் எழுப்பப்படவில்லை. களை முற்றாக அகற்றப்பட்ட செங்குத்தான சரிவுகளில் மேல்மண் மழையோடு கரைந்து சென்றது. 1931இல் மண்ணரிப்புப் பற்றிய குழுவின் அறிக்கை வெளிவந்தது. மண் பாதுகாப்புச் சட்டம் 1951இல் இயற்றப்பட்டது. சரிவுகளில் வெட்டப்பட்ட கான்களும் கல் அணைகளும், தேயிலைக்கு நிழல் தரும் கிரவேலியா மரங்களும் இழந்ததில் ஒரு பகுதியையேனும் தடுத்து நிறுத்த மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளாகும். அக்கான்களை வெட்டியவர்கள் தமிழகத்தின் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, தஞ்சாவூர் முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிமாரால் அழைத்துவரப்பட்டவர்களின் சந்ததியினர்.

அக்கரப்பத்தனைக்கு அண்மையில், ஒரு மலைத்தொடருக்கு அப்பால், அதே காலத்தில் அதே ஆட்சியாளர் ஒரு நகரத்தையும் அமைத்தனர் என்பது ஒப்பீட்டுக்கு ஏற்றது. தேசாதிபதி எட்வேட் பார்ன்ஸ் 1828இல் நுவரெலியாவில் தம் மாளிகையைக் கட்டினார். 1848இல் சாமுவேல் பேக்கர் இங்கிலாந்திலிருந்து குடியானவரையும் கால்நடைகளையும் கொண்டுவந்து அங்கு ஓர் ஆங்கிலக் கிராமத்தை உருவாக்க முயன்றார். 1861இல் ஹக்கலைத் தோட்டம் சின்கோனாப் பயிருக்காகத் தொடங்கப்பட்டது. 1873இல் தேசாதிபதி வில்லியம் கிறகறி ஏரியை அமைப்பித்தார். தூய காற்று, பரந்த வெளி, நீர்நிலை, நடைபாதை, பூங்கா என இன்றைய நகர அமைப்பாளர் சூழலுக்கு இசைந்த நகரத்தின் இலக்கணங்களாகக் கூறும் யாவும் நுவரெலியாவில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே இருந்தன. அவை நோயுற்ற துரைமார் உடல் தேறுவதற்கும் பருவகாலத்திற் களிப்பதற்கும் அமைந்தவை. அறிவுக்குறைவினால் லயங்கள் அவ்வாறு கட்டப்பட்டன என்று சிலர் கூறும் சமாதானத்தை நுவரெலியாவின் வரலாறு ஏற்க இடந்தரவில்லை.

லயம் என்பதன் அமைப்பைச் சற்று விரிவாக நோக்கலாம். பத்தடி அகலமும் பன்னிரண்டடி நீளமும் கொண்ட ஒரு காம்பரா, அதன் முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு. இதுவே ஒரு குடும்பத்துக்கு உரிய இடம். இத்தகைய காம்பராக்கள் பத்து, பன்னிரண்டு ஒரே வரிசையாகத் தொடுக்கப்பட்டன. சில லயங்களில் இரு வரிசைகள் முதுகோடு முதுகு ஒட்டியிருந்தன. அவற்றிற் பின்புறக் கதவோ பலகணியோ அமைக்க வழியே இல்லை. கூரை முதலிற் புல்லாகவும் பின்னர் தகரமாகவும் இருந்தது. சமையலும் உறக்கமும் பிரசவமும் சாவும் அவ்வொரு கூரையின் கீழேயே நிகழ்ந்தன. மலையிலிருந்து மூங்கில் அல்லது தகரக் குழாய் வழியாக இறக்கப்பட்ட ஊற்றுநீர் விழும் பீலிக்கரையே பல குடும்பங்களுக்குப் பொதுவான நீர்நிலை. பிள்ளைகளுக்குப் பிள்ளைக்காம்பரா, ஆட்கணக்கெடுக்கப் பிரட்டுக்களம், வழிபாட்டுக்கு மாரியம்மன் கோயில் ஆகியன சற்று விலகி அமைந்தன. துரையின் வங்களா மேட்டில் இருந்தது. இவ்வமைப்பில் ஒரு திட்டம் இல்லையென்று கூற இயலாது. தொழிலாளர் வேலைத்தலத்துக்கு அருகில் இருக்க வேண்டும், அவர்களை எளிதிற் கண்காணிக்க இயல வேண்டும், தேயிலைக்கு உரிய நிலம் வீணாகக் கூடாது என்னும் மூன்று நோக்கங்களும் நிறைவாக ஈடேறின. நெருக்கமாகக் கட்டுதல், நடந்து செல்லும் தொலைவில் தொழில், நிலச் சிக்கனம் என்று இக்காலத்து நகரவியல் நூல்கள் போற்றும் பண்புகள் அனைத்தும் லயத்திலும் உள்ளன என்பதை எண்ணுங்கால், அப்பண்புகள் மட்டுமே ஒரு குடியிருப்பை நல்லதாக்கிவிடமாட்டா என்பது புலனாகும்.

இவ்விடத்தில் மற்றொரு ஸ்கொத்லாந்தியரை நினைவுகூர்தல் தகும். நகர அமைப்பியலின் முன்னோடிகளுள் ஒருவரான பற்றிக் கெடிஸ், மலையுச்சி முதற் கடற்கரை வரையான ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுவதையும் ஓர் அலகாகக் கொண்டே எந்த நகரத்தையும் விளங்கிக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்தியவர். மலையிற் சுரங்கத் தொழிலாளியும் விறகுவெட்டியும், சரிவில் இடையனும் உழவனும், கழிமுகத்தில் மீனவனும் வணிகனும் என ஒவ்வொருவர் வாழ்வும் அடுத்தவரைச் சார்ந்தது என்பது அவர் கருத்து. 1914 முதல் தமிழகத்து நகரங்கள் சிலவற்றை ஆராய்ந்த அவர், 1921இல் கொழும்பு நகரின் அமைப்புப் பற்றியும் ஓர் அறிக்கை அளித்தார். அதனாற் கொழும்பு தோட்ட நகரம் என்னும் புகழைத் தேடிற்று. கெடிசின் கொள்கையை அவர் கூறியவாறே பின்பற்றியிருப்பின், தலைநகரின் அறிக்கை தலையாற்று லயங்களையும் தொட்டிருக்க வேண்டும். 1915ஆம் ஆண்டு வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் வீடுகளுக்கு ஒளியும் காற்றும் பின்புற வெளியும் இருத்தல் வேண்டுமென விதித்தது. அதன் ஆட்சி நகர எல்லைகளுக்கு உட்பட்டது. கொழும்பில் சட்டத்துக்கு மாறாகக் கருதப்பட்ட ஒரு வீடு அக்கரப்பத்தனையில் எவ்வித இடையூறுமின்றிக் கட்டப்படலாயிற்று.

சுகாதாரத் துறையில் அரசாங்கம் முற்றிலும் வாளாவிருந்தது எனல் நேர்மையாகாது. 1912இன் நோய்கள் பற்றிய கட்டளைச் சட்டம் லயங்களின் தூய்மையை மேற்பார்வைக்கு உட்படுத்திற்று. 1916 முதல் றொக்பெல்லர் மன்றத்தினர் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தோட்டங்களில் நடத்தினர். மருந்து கொடுத்துப் புழுவை அகற்றினாலும் மலசலகூடம் இன்றேல் அது மீண்டும் வரும் என்பதை அவர்கள் விரைவில் உணர்ந்தனர். மருந்துக்குச் சம்மதித்த நிர்வாகங்கள் மலசலகூடச் செலவுக்குத் தயங்கின. கழிவு ஓடையிற் கலந்தது; அவ்வோடை கீழேயுள்ள லயத்தின் பீலிக்கு நீர் தந்தது; அதற்கும் கீழே சிங்களக் கிராமங்களின் வயலுக்குப் பாய்ந்தது. தோட்டத்து மக்கள் அக்கிராமங்களை நாடு என்றே குறிப்பிடுவர். தாம் வாழும் இடம் நாட்டுக்குப் புறம்பானது என்ற கருத்து அச்சொல்வழக்கில் அவர்கள் அறியாமலே படிந்திருக்கிறது.

அவ்வாறு புறம்பாக்கியதில் உள்ளூராட்சிச் சட்டங்களுக்குப் பெரும்பங்குண்டு. தேர்ந்தெடுக்கப்பட்ட கிராமச் சங்கங்கள் நாடெங்கும் வலுப்பெற்று வந்த காலத்தில், தோட்டத்துக்குள் வாழ்ந்த தொழிலாளர் அவற்றுக்கு வாக்களிக்கும் உரிமை பெறுவதா என்ற வினா எழுந்தது. 1937–38இல் அரசாங்க சபையில் அது கடும் விவாதத்துக்குள்ளாயிற்று. இந்தியத் தொழிலாளரை வெளிப்படையாக விலக்கும் ஏற்பாட்டுக்கு இந்திய அரசாங்கம் எதிர்ப்புத் தெரிவித்தபோது, இனத்தைக் குறிக்கும் சொல் நீக்கப்பட்டுத் தோட்டத்தில் வதியும் தொழிலாளர் என்ற பொதுச் சொல் இடப்பட்டது. விலக்கப்பட்டோர் ஏறத்தாழ அதே மக்களே. நகரங்களின் நிலையும் இதற்கு மாறானதன்று. அட்டன்–டிக்கோயா, தலவாக்கலை–லிந்துலை ஆகிய நகர சபைகளின் எல்லைகள் கடைவீதிகளைச் சுற்றியே வரையப்பட்டன. அக்கடைவீதிகளை வாழவைத்த தோட்டத்தினர் எல்லைக்கு வெளியே நின்றனர். அக்கரப்பத்தனைக் கடைவீதிக்கோ நகர சபையும் வாய்க்கவில்லை. சம்பள நாளிலும் தீபாவளிக் காலத்திலும் நிரம்பி வழியும் அவ்வீதிக்குக் குப்பை அகற்றுவதும் விளக்கேற்றுவதும் எவர் கடமை என்பது நெடுங்காலம் தெளிவற்றேயிருந்தது.

பாராளுமன்ற வாக்குரிமை சிறிது காலம் கிட்டியது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு தொகுதிகளை வென்றது. தலவாக்கலைத் தொகுதியிலிருந்து தெரிவானவர் மடக்கொம்பரைத் தோட்டத்திற் பிறந்த கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த 1949ஆம் ஆண்டுச் சட்டங்களும் அவ்வுரிமையைப் பறித்தன. வாக்கு இல்லாத மக்களின் வீட்டைப் பற்றியோ நீரைப் பற்றியோ பேசுவதில் எந்த வேட்பாளருக்கும் பயனில்லை என்னும் நிலை ஒரு தலைமுறைக்கு நீடித்தது. எஞ்சிய ஒரே கருவி தொழிற்சங்கம். 1956இல் டயகமத் தோட்டத்தில் நிகழ்ந்த தொழிற்சங்க உரிமைப் போராட்டத்தில் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானவர் ஏபிரகாம் சிங்கோ என்ற சிங்களத் தொழிலாளி. இனத்தால் மட்டுமே இவ்வரலாற்றை விளக்கிவிடலாம் என்று எண்ணுவோர் இந்நிகழ்ச்சியை மறத்தலாகாது.

1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரின் எதிர்காலத்தை எண்ணிக்கையாகப் பங்கிட்டது. அக்கரப்பத்தனை லயங்களிலிருந்து புறப்பட்டவர்களிற் பலர் நீலகிரியின் கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளை அடைந்தனர். தாயகம் திரும்பியோருக்குத் தொழில் தரும்பொருட்டு 1968இல் தமிழக அரசு அங்கு தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. அவற்றுக்காகவும் மலைக்காடு அழிக்கப்பட்டது. எஞ்சியிருந்தோருக்கு 1972, 1975ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கிய செய்தி பஞ்ச காலத்தில் வந்தது. நிலமற்றோருக்கு நிலம் வழங்கும் சட்டத்தில், அந்நிலத்திலேயே நான்கு தலைமுறை உழைத்த நிலமற்றோர் சேர்க்கப்படவில்லை. நுவரெலியா மாவட்டத்துத் தோட்டங்களில் ஏழாயிரம் ஏக்கரை வெளியாருக்குப் பகிர்ந்தளிக்க முற்பட்டபோது தொழிலாளர் எதிர்த்தனர். 1977 மே 11ஆம் நாள் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் என்ற இளைஞர் துப்பாக்கிச் சூட்டில் மடிந்தார். அவ்வேற்பாடு கைவிடப்பட்டது. எனினும் தொழிலாளருக்கு ஓர் அங்குல நிலமும் அதனாற் கிட்டவில்லை.

குடியிருப்புப் பற்றிய உலக மாநாடு 1976இல் வன்கூவரில் நடைபெற்றது. அதில் எழுந்த கருத்துக்களை இலங்கை அரசாங்கம் ஆர்வத்துடன் வரவேற்றது. நூறாயிரம் வீட்டுத் திட்டம் 1978இலும் பத்து இலட்சம் வீட்டுத் திட்டம் 1984இலும் தொடங்கின. வீடற்றோருக்கு உறைவிடம் அளிக்கும் சர்வதேச ஆண்டு ஒன்று வேண்டுமென 1980இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையில் முன்மொழிந்தவர் அந்நாளைய பிரதமர் ஆர். பிரேமதாச, அதன்படி 1987 அவ்வாண்டாகக் கொண்டாடப்பட்டது. வீட்டை மக்களே கட்டுவர், அரசு துணை நிற்கும் என்னும் அக்கொள்கை பன்னாட்டு அறிஞரின் பாராட்டைப் பெற்றது, பெறத் தகுதியுடையதுமாகும். ஆயின் கட்டுவதற்கு முதலில் ஒரு துண்டு நிலம் தமதாக வேண்டும். அதே 1987இல் இயற்றப்பட்ட 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் நிதியைத் தோட்டக் குடியிருப்புக்களுக்குச் செலவிடுவதற்குத் தடையாக அமைந்தது. உறைவிட ஆண்டின் சிறப்பு முத்திரைகளும் இப்பிரிவும் ஒரே ஆண்டில் வெளிவந்தன. நாடற்றோர் எனப்பட்டோருக்கு 1986, 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்களாற் பிரசாவுரிமை கிடைத்த பின்னரும், தாம் வாக்களித்துத் தெரிவு செய்த சபை தம் லயத்துக்கு ஒரு படிக்கட்டும் அமைக்க இயலாது என்ற விந்தையை இம்மக்கள் முப்பது ஆண்டுக்கு மேலாகக் கண்டனர்.

இதற்கிடையில் ஆறு தன் பணியைச் செய்துகொண்டேயிருந்தது. கொத்மலை அணை 1985இல் நிறைவுற்றது. 150 மெகாவாற்று வலுவுடைய மேல் கொத்மலைத் திட்டம் தலவாக்கலையில் 2012இல் இயங்கத் தொடங்கியது. அக்கர ஓயாவின் நீர் இப்போது மகாவலியை அடையுமுன்னரே இருமுறை மின்னாகின்றது. நீர்த்தேக்கத்துக்காகத் தலவாக்கலையில் இடம்பெயர்ந்தோர் புதிய வீடுகளிற் குடியமர்த்தப்பட்டனர். அதற்கு மேலே ஆற்றோரத்து லயங்கள் அவ்வாறே இருந்தன. ஹோர்ட்டன் சமவெளி 1969இல் இயற்கை ஒதுக்ககமாகவும் 1988இல் தேசியப் பூங்காவாகவும் ஆக்கப்பட்டு, 2010இல் உலக மரபுரிமையின் பகுதியாயிற்று. அங்கு முன்னர் உருளைக்கிழங்கு பயிரிடப்பட்டது என்பதை இன்றைய பார்வையாளர் பலர் அறியார். பயிர் சமவெளியை விட்டு இறங்கியதே ஒழிய மலைநாட்டை விட்டு நீங்கவில்லை. நுவரெலியா மாவட்டத்தின் மரக்கறிச் செய்கையில் இடப்படும் மிகையான உரமும் பூச்சிகொல்லியும் ஓடைகளிற் சேர்கின்றன. கொழும்பின் சந்தைக்கு மரக்கறியும் கண்டியின் குழாய்க்கு நீரும் ஒரே சரிவிலிருந்தே இறங்குவதால், நஞ்சும் உணவும் ஒருங்கே பயணம் செய்கின்றன. லயத்து வாசலில் ஒரு பாத்தி லீக்ஸ் நட்டுச் சம்பளத்தின் பற்றாக்குறையை ஈடுசெய்யும் குடும்பத்தையும் பெரு முதலீட்டில் மலையை உழுவோரையும் ஒரே தராசில் நிறுத்துவது இவ்விடயத்தில் அடிக்கடி நேரும் பிழை.

செங்குத்தான சரிவில், வடிகால் பழுதுற்ற லயத்தில் வாழ்வதன் ஆபத்து 2014 ஒக்ரோபர் 29ஆம் நாள் நாடறிய வெளிப்பட்டது. பதுளை மாவட்டத்து கொஸ்லாந்தை மீரியபெத்தையில் காலை வேளையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அவ்விடம் அபாயமானது என்னும் எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. செல்வதற்கு மாற்றிடம் மட்டும் காட்டப்படவில்லை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வாப் புயலின்போதும் மலைநாட்டு மாவட்டங்களே மண்சரிவின் பெருந்தாக்கத்துக்கு இலக்காயின. காலநிலை மாற்றத்தை மட்டும் காரணங்காட்டி இவற்றை விளக்குவோர், மழை எல்லோர் மீதும் பெய்யினும் மண் எவர்மீது சரிகின்றது என்பதையும் விளக்குதல் வேண்டும்.

2015இன் பின் தோட்டக் குடும்பமொன்றுக்கு ஏழு பேர்ச் காணியில் தனிவீடு என்ற கொள்கை நடைமுறைக்கு வந்தது. இந்திய அரசின் உதவியுடன் ஐந்நூற்றைம்பது சதுர அடி கொண்ட நாலாயிரம் வீடுகள் தொடங்கப்பட்டன. 2017 மே மாதத்தில் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் பத்தாயிரம் வீடுகளை அறிவித்தார். தேவையோ இலட்சக் கணக்கில் உள்ளது. இவ்விடத்தில் ஒரு வாதம் எழுதலை அவதானிக்கலாம். தனித்தனி வீடுகள் தேயிலை நிலத்தையும் நீரேந்து பரப்பையும் விழுங்கும். ஆதலின் மாடி வீடுகளே சூழலுக்கு உகந்தவை என்பது அது. தனியே நோக்கின் பொருத்தமான வாதமே. முன்னர் கட்டப்பட்ட மாடி லயங்களைத் தொழிலாளர் விரும்பாமைக்குக் காரணம் அறியாமையன்று. மாடியில் மாடு கட்ட இயலாது, பாத்தி இட இயலாது, மகனுக்கு மணமானால் ஒரு பத்தியும் இறக்க இயலாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் அடிநிலத்துக்கு உறுதி இல்லை. வங்களாக்களைச் சூழ்ந்த புற்றரைகளும் உல்லாச விடுதிகளாக மாறிய துரைமார் மாளிகைகளின் தோட்டங்களும் எத்தனை பேர்ச் என்று கணக்கிடப்படாத வரையில், நிலச் சிக்கனம் பற்றிய உபதேசம் லயத்தை நோக்கியே கூறப்படுவது நீதியாகாது. சூழற் பாதுகாப்பும் சமூக நீதியும் ஒன்றுக்கொன்று முரணானவை என்ற மயக்கம் பெரும்பாலும் இத்தகைய அரைக் கணக்குகளிலிருந்தே பிறக்கின்றது.

ஆட்சி அமைப்பிலும் மாற்றம் நிகழ்ந்தது. நுவரெலியா, அம்பகமுவ ஆகிய இரு பிரதேச சபைகளும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டு இலட்சம் மக்களைக் கொண்டிருந்தன. நாட்டின் பிற பகுதிகளில் அதிற் சிறு பங்கினருக்கே ஒரு சபை இருந்தது. நீண்டகாலக் கோரிக்கையின் பின் இவ்விரண்டும் ஆறாகப் பிரிக்கப்பட்டன. நுவரெலியாப் பிரதேச சபையிலிருந்து கொட்டகலையும் அக்கரப்பத்தனையும் தனிச் சபைகளாயின. 2018 பெப்ரவரி 10ஆம் நாள் நடைபெற்ற தேர்தலில் அக்கரப்பத்தனை மக்கள் முதன்முதலாகத் தம் ஊரின் பெயர் தாங்கிய சபைக்கு வாக்களித்தனர். அதே ஆண்டில் 33ஆம் பிரிவு திருத்தப்பட்டது. தோட்டத்துக்குள்ளும் சபை நிதியைச் செலவிடலாம் என்றாயிற்று. மலைநாட்டுப் புதிய கிராமங்களுக்கான அதிகார சபைச் சட்டமும் அவ்வாண்டினதே. ஏழு ஆண்டுகளின் பின் 2025 மே 6ஆம் நாள் இரண்டாம் முறையாகச் சபைக்குத் தேர்தல் நடந்தது.

சபை வந்தது, நிலம் இன்னும் வரவில்லை. 1992இல் தனியார் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு மாற்றப்பட்ட தோட்டங்கள் பின்னர் ஐம்பத்து மூன்று ஆண்டுக் குத்தகைக்கு அளிக்கப்பட்டன. அக்குத்தகை இந்நூற்றாண்டின் நடுப்பகுதி வரை செல்லும். பீலிக்கு நீர் தரும் ஊற்றும், குப்பை கொட்டுவதற்கு ஒதுக்கக்கூடிய மேடும், ஓடையை ஒட்டி மரம் நடத்தக்க கரையும், புதிய வீடுகள் எழவேண்டிய சரிவும் அக்குத்தகை நிலத்துக்குள்ளேயே கிடக்கின்றன. ஆகவே அக்கரப்பத்தனைப் பிரதேச சபை ஒரு குழாயைப் பதிக்கத் தீர்மானிப்பினும், ஒரு வீதியை அகலிக்கத் தீர்மானிப்பினும், அத்தீர்மானம் தோட்ட நிர்வாகத்தின் இசைவை நாடி மேட்டிலுள்ள வங்களாவுக்கு ஏறிச் செல்லவேண்டியதாகவே உள்ளது.